மார்கழியில் ஈன்ற முயலும் குட்டிகளின் பாலும்

கோடையின் உக்கிரத்தில் உஷ்ணம் 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் நீடித்தால் ஆண் முயலின் வீரியம் குன்றிவிடுமாதலால், நம் சமவெளி மாவட்டங்களில் ஐப்பசி மழையில் பூமி குளிர்ந்த பிறகே முயல்கள் நன்றாகச் சினைப்படுகின்றன; கர்ப்பகாலம் 30 முதல் 32 நாட்களே ஆகையால், கார்த்திகையில் இணை சேர்ந்தவை இந்த மார்கழியில் ஈனுகின்றன. ஈன்ற தாய், குட்டிகள் கிடக்கும் பெட்டிப் பக்கமே தலைகாட்டாமல் ஒரு மூலையில் அமர்ந்து தழை தின்றுகொண்டிருப்பதைக் காண்கிற வீட்டார், அது குட்டிகளைக் கைவிட்டுவிட்டதென்றே நிச்சயம் செய்துகொண்டு, பசும்பாலும் பஞ்சுமாகக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த அவசரம் வேண்டாம்.

முயல் ஜாதியின் சுபாவம் அது. காட்டில் வளைக்குள் குட்டிகளை விட்டுவிட்டு, வேட்டைப் பிராணிகளுக்கு வாடை காட்டிவிடாதபடி விலகியே இருந்து, நாளுக்கு ஒரு முறை, சில வேளை இரு முறை மட்டும், பெரும்பாலும் பின்னிரவிலோ விடியலிலோ வந்து, மூன்று முதல் ஐந்து நிமிஷத்துக்குள் பாலூட்டிவிட்டுப் போவது அதன் பரம்பரை வழக்கம். அந்தச் சொற்ப நேரம் போதுமானதாக இருப்பதற்குக் காரணம், கொழுப்பும் புரதமும் பசும்பாலில் உள்ளதைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு செறிந்திருக்கும் அதன் பால்தான். ஆதலால் தாய் பாலூட்டுவதை நாம் பார்க்கவில்லை என்பது எதற்கும் அத்தாட்சி ஆகாது. குட்டியின் வயிறே அத்தாட்சி.

வாசலில் கோலம் போட்டு முடித்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டு, தாய்க்குக் கொஞ்சம் அகத்தியோ வேலிமசாலோ வைத்து அதன் கவனத்தைத் திருப்பிவிட்டு, பெட்டியில் அது தன் மார்பிலிருந்து பிய்த்துப் பரப்பிய ரோமத்தை மெதுவாக விலக்கிப் பாருங்கள். பால் குடித்த குட்டியின் வயிறு உருண்டு, தோல் இழுத்துக் கட்டியதுபோல் வழவழப்பாக இருக்கும். முதல் சில நாட்களில், மெல்லிய தோலுக்கு அடியில் பால் நிறைந்த இரைப்பை வெண்மையாகவே தெரியும். பட்டினி கிடந்த குட்டிக்கு வயிறு ஒட்டி, முதுகிலும் விலாவிலும் சுருக்கம் விழுந்திருக்கும்; விரல் பட்டவுடன் அண்ணாந்து வாயைத் துழாவி, கீச்சென்று கத்தும். பாலூட்டும் நேரம் நெருங்கும்போது வயிறு காலியான குட்டிகள் எல்லாமே ரோமத்தைத் தள்ளிக்கொண்டு மேலே வந்து துழாவுவதுண்டு. குடித்து முடித்துச் சிறுநீர் கழித்துவிட்டு மறுபடி அடியில் புதைந்துகொள்ளும். எனவே துழாவுவதை மட்டும் வைத்துத் தீர்மானிக்காமல் வயிற்றையும் தோலையும் சேர்த்துப் பாருங்கள். கிராம் காட்டும் தராசு இருந்தால் தினமும் அதே வேளையில் நிறுத்து எழுதிவைப்பது மிகவும் உத்தமம். மன்னவனூரிலும் சாண்டிநல்லாவிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்களில் வளர்க்கப்படும் வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களின் குட்டி பிறக்கையில் ஏறத்தாழ 50 கிராம் இருக்கும். பால் சரியாகக் கிடைத்தால் ஏழெட்டு நாட்களில் அது இரட்டிப்பாகிவிடும்.

மனிதவாடை பட்டால் தாய் குட்டியைத் தின்றுவிடும் என்று நம்மவர்கள் அஞ்சுவது, உங்கள் கைக்குப் பழகிய வீட்டு முயலின் விஷயத்தில் ஆதாரமற்றது. தாகமும் திகிலும் நாய் பூனைகளின் நடமாட்டமுமே அதனை அந்த நிலைக்குத் தள்ளுகின்றன. பாலூட்டும் தாய் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கக்கூடும். குளிர் காலந்தானே என்று கிண்ணத்தை வற்றவிடாதீர்கள்.

குட்டி பிறந்து ஒரு நாள் முழுதும் கழிந்தும் வயிறு ஒட்டியே இருந்தால் இனித் தாமதம் கூடாது. முதலில் சூடு, பிறகு பால். சில்லிட்ட குட்டிக்கு உறிஞ்சவும் வலுவிராது, செரிக்கவும் செரிக்காது. அதை உள்ளங்கையிலோ, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியின் பக்கத்திலோ வைத்து வெதுவெதுப்பாக்கிய பின், தாயைத் தூக்கிப் பெட்டிக்குள் குட்டிகளின் மேலே நிற்கவைத்து, முதுகையும் பின்னங்கால்களையும் தாங்கிப் பிடித்துத் தடவிக்கொண்டு ஐந்து நிமிஷம் பொறுத்திருங்கள். குட்டிகள் கண் தெரியாமலே காம்பைக் கண்டுபிடித்துவிடும். காலையும் மாலையும் இவ்வாறு செய்துவர, தலைப்பிரசவத்து முயல்களில் பல இரண்டொரு நாளில் தாமாகவே ஊட்டத் தொடங்கும்.

மடி கல்லாக இறுகி, சிவந்தோ நீலம் பாய்ந்தோ சுட்டால் அது மடிவீக்கம். அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், அதன் குட்டிகளை வேறு தாயிடம் விடவேண்டாம், நோய் அதற்கும் தொற்றும். மற்றபடி தாய்க்குப் பால் சுரக்காவிட்டால், இரண்டு மூன்று நாள் முன்பின்னாக ஈன்ற இன்னொரு முயலைச் செவிலித்தாய் ஆக்குவதே சிறந்த வழி. பசித்த குட்டிகளை அதன் கூட்டு ரோமத்தில் புரட்டி எடுத்து, அதன் குட்டிகளின் நடுவே வைத்துவிட்டால் போதும். பசும்பாலைப் பில்லரில் ஊற்றிப் புகட்டுவது, சத்துப் பற்றாமல் போவதோடு, மூச்சுக்குழலில் இறங்கிக் குட்டியின் உயிரையே வாங்கிவிடும்.

இந்த மாதத்திற்கே உரிய இடைஞ்சல் ஒன்றுண்டு. தாய் பாலூட்ட இறங்கும் அதே விடியற்காலையில்தான் கோயில் ஒலிபெருக்கிகள் முழங்குகின்றன. மாத முடிவில் போகியன்று மேளமும் புகையும் சேர்ந்துகொள்ளும். மிரண்ட தாய் திடீரென்று வெளியே தாவும்போது, காம்பை விடாத குட்டி அதனோடு இழுபட்டு வெளியில் விழுந்து, பனியில் விறைத்துப்போகும். பூனையைப்போல் கவ்வி எடுத்துவரும் வழக்கம் முயலுக்கு இல்லை. ஆகையால் பெட்டியை இன்றே தெருப்பக்கத்திலிருந்து வீட்டின் உட்புறத்துக்கு மாற்றி, வாசற்பலகை 15 சென்டிமீட்டர் உயரமாவது இருக்கிறதா என்று பார்த்து, உலர்ந்த வைக்கோலைக் கனமாகப் பரப்பிவிடுங்கள். இன்னொன்று: ஈன்ற அன்றே தாய் மறுபடி சினைப்படக்கூடுமாதலால், ஆண் முயல் இன்னும் அதே கூண்டில் இருந்தால் உடனே வேறு கூண்டுக்கு மாற்றிவிடுங்கள்.