சோகப் பாட்டு மனசைக் கெடுக்குமா?

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலத்தில் பூ வேலை விடியுமுன்பே தொடங்கிவிடும். தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு முல்லைத் தோட்டத்தில் நிற்பவர்களின் மடியில் செல்போன் பாடிக்கொண்டிருக்கும். அரும்பு மலர்வதற்குள் பறித்துப் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பாட்டு இல்லாவிட்டால் கை ஓடாது என்பார்கள். அது உண்மை. ஆனால் பாட்டைப் பற்றி நம்மிடம் உலவும் மற்ற நம்பிக்கைகளில் பல, சோதித்துப் பார்த்தால் நிற்பதில்லை.

நம்பிக்கை: சோகப் பாட்டுக் கேட்டால் இருக்கிற மனசும் கெட்டுவிடும்.

“காலங்காத்தால என்ன அழுகைப் பாட்டு, நிறுத்து” என்ற அதட்டல் கேட்காத வீடு குறைவு. 2014-ல் பெர்லின் ஆய்வாளர்கள் தருஃபியும் கோல்ஷும் 772 பேரிடம், சோகமான இசை உங்களுக்குள் எதை எழுப்புகிறது என்று கேட்டார்கள். அதிகம் பேர் சொன்னது ஏக்கத்தை, பழைய நினைவின் இதத்தை. துக்கம் அதற்குப் பின்னால்தான் வந்தது. பாட்டில் அழுகிறவரின் கஷ்டத்துக்கு நாம் வழி தேட வேண்டியதில்லை. பணம் புரட்டவோ பதில் சொல்லவோ வேண்டியதில்லை. அதனால் பயமில்லாமல் அழ முடிகிறது. எழவு வீட்டில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கும் பெண்களைப் பாருங்கள். செத்தவரைப் பாடும் சாக்கில், என்றோ போன அம்மாவையும் அண்ணனையும் சேர்த்தே அழுது தீர்க்கிறார்கள். எழுந்து முகம் கழுவும்போது மூச்சு சீராகியிருக்கும்.

ஒரு விலக்கு உண்டு, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரே துயரத்தைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்குச் சோக இசை ஆறுதலாகாமல் மேலும் கனக்கச் செய்யலாம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்க ஒரே பாட்டைக் கேட்கும் பிள்ளையைத் திட்டாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள்.

நம்பிக்கை: நீலாம்பரி தூக்கத்துக்கு, ஆனந்தபைரவி ரத்த அழுத்தத்துக்கு. ராகத்துக்கு ஒரு நோய்.

நம் மாவட்டத்துக் குடுமியான்மலையில், ஏறத்தாழ 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு ராகங்களின் சுர வரிசைகளைப் பாறையில் வெட்டி, மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று முடிகிறது. எந்த ராகம் எந்த நோயைத் தீர்க்கும் என்ற பேச்சு அதில் கிடையாது. தூக்கமின்மைக்கு இசை உதவுமா என்று மொத்தம் 1,007 பேர் பங்கேற்ற 13 சோதனைகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2022-ல் அலசியது. இசை கேட்டவர்கள் நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார்கள். அந்தச் சோதனைகளில் பயன்பட்டது ஒரே வகை இசை அல்ல. நீலாம்பரியில் தாலாட்டினால் குழந்தை தூங்கத்தான் செய்யும். அம்மாவின் குரலுக்கும் தூளியின் ஆட்டத்துக்கும் அதில் பங்கு இருக்கிறது.

நம்பிக்கை: மொசார்ட் கேட்டால் மூளை வளரும்.

1993-ல் 36 கல்லூரி மாணவர்களை வைத்து நடந்த சிறு சோதனையிலிருந்து கிளம்பியது இது. கிடைத்த பலன் கால் மணி நேரம்கூடத் தாண்டவில்லை. 2001-ல் கனடாவில் சோதித்தபோது, உற்சாகமான இசை மனநிலையைத் தூக்கிவிட்டதன் விளைவே அது என்று தெரிந்தது. குழந்தைக்காக மொசார்ட் சிடியைத் தேடி அலைய வேண்டாம். உங்களுக்குப் பிடித்ததைப் போடுங்கள்.

நம்பிக்கை: நல்ல பாட்டு எல்லாருக்கும் நல்லதுதான், ஸ்பீக்கர் சத்தமாக இருந்தால் என்ன?

நாமே தேர்ந்தெடுத்துக் கேட்கும்போது இசை பெரும்பாலும் இதமாகிறது. காதுகுத்து வீட்டு ரேடியோ செட்டில் ஓடும் அதே பாட்டு, பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணுக்கு வெறும் இரைச்சல். இசையில் இன்பமே தோன்றாதவர்களும் இருக்கிறார்கள் என்பதை பார்சிலோனா ஆய்வாளர்கள் 2014-ல் காட்டினார்கள். அவர்களுக்குக் காதிலும் குறையில்லை, மனசிலும் ஈரம் குறைவில்லை. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஊர்ப் பெரியவர்கள் நினைத்தால் போலீஸ் வராமலே இதை நடத்திவிடலாம்.

நம்பிக்கை: மனச்சோர்வுக்குப் பாட்டே போதும், டாக்டர் வேண்டாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. பிள்ளை போல வளர்த்த மரங்கள் விழுந்துகிடப்பதைப் பார்த்த விவசாயியிடம், “ரெண்டு பாட்டுக் கேளு, சரியாப் போயிரும்” என்று சொல்ல முடியுமா? 9 சோதனைகளில் 421 பேரைத் தொகுத்த 2017-ஆம் ஆண்டின் காக்ரேன் அலசல், வழக்கமான சிகிச்சையோடு இசைச் சிகிச்சையும் சேரும்போது மனச்சோர்வு கூடுதலாகக் குறைகிறது என்றது. சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள், மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த பாட்டும் பிடிக்கவில்லை என்றால், புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். போக முடியாதவர்கள் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.