இறகும் குளம்பும் எருவாகும் வகை

கோழி இறைச்சிக் கடைகளின் பின்புறத்தில் இறகுகள் குவிந்து கிடப்பதைப் பலரும் கண்டிருப்பர். மழை பெய்து குடலும் சதையும் அழுகி மறைந்த பின்னரும் இறகு மாதக்கணக்கிற் கிடக்கும். புதைத்த மாட்டின் குளம்பும் கொம்பின் ஓடும் அவ்வாறே. இவையும், நகம், அலகு, மயிர் என்பனவும் கெரற்றின் என்னும் கடினமான புரதத்தால் ஆனவை.

இப்புரதத்தில் நைதரசன் நிறைய உண்டு. உலர்ந்த இறகில் நூற்றுக்கு 13 முதல் 15 பங்கு நைதரசன் அடங்கியுள்ளது. உலர்ந்த மாட்டெருவில் 2 பங்கு இருப்பதே அரிது. யூரியாவில் 46 பங்கு உண்டு. எனவே 3 கிலோவுக்குச் சற்று அதிகமான உலர்ந்த இறகு, ஒரு கிலோ யூரியாவிலுள்ள நைதரசனைத் தன்னுள் வைத்திருக்கின்றது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அடுத்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் குன்றியதைக் கண்ட கமக்காரருக்கு இக்கணக்கின் அருமை விளங்கும்.

ஆயினும் இந்த நைதரசன் பூட்டி வைத்த நெல்லைப் போன்றது. கெரற்றினின் இழைகள், முறுக்கிய வைக்கோற்புரி போல, கந்தகப் பிணைப்புகளால் ஒன்றோடொன்று இறுகக் கட்டுண்டுள்ளன. மயிர் கருகும்போது எழும் நாற்றத்துக்கு இக்கந்தகமும் ஒரு காரணம். நீர் இவ்விழைகளைக் கரைப்பதில்லை. சிலவகைப் பற்றீரியாக்களும் பூஞ்சணங்களுமே இவற்றை அறுக்க வல்லவை. அவற்றுக்கும் காற்றும் ஈரமும் காலமும் வேண்டும்.

இதனை அறியாது பச்சை இறகை வயலில் இட்டு உழுதால், நெல் மட்டம் வெடிக்கும் காலத்தில் பயிருக்கு வேண்டிய நைதரசன் கிடையாது. நீர் தேங்கிய சேற்றில் காற்றும் குறைவாதலால் தாமதம் இன்னும் கூடும். இறகை எரித்துச் சாம்பலை இடுவதோ முழு நட்டம்; நைதரசன் புகையோடு போய்விடும்.

இறகைக் கூட்டெருவாக்கி இடுவதே தக்க வழி. இறகு நீரை ஒட்டவிடாது. ஆகையால் முதலில் நன்றாக ஊறவைத்தல் வேண்டும். நனைத்த வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி, அதன்மேல் மெல்லிய படையாக இறகும், பின் சாணமும் இட்டு, ஒரு மீற்றர் உயரம் வரை அடுக்குக. இறகைக் கட்டியாகக் கொட்டினால் நடுப்பகுதி உலர்ந்தே கிடக்கும். சில நாட்களில் குவியல், உள்ளே கைவைக்க இயலாதபடி சூடேறும். சூடு தணிந்ததும் புரட்டி ஈரமாக்குக. மூக்கைத் துளைக்கும் அமோனியா மணம் எழுந்தால் நைதரசன் வீணாகின்றது என அறிந்து மேலும் வைக்கோல் சேர்க்க. இறகின் தண்டை விரல்களால் நசுக்கும்போது பொடியுமாயின் எரு ஆயத்தம். இதற்குச் சில மாதங்கள் செல்லும். குளம்பையும் கொம்பையும் தூளாக்கினாலன்றிப் போடுவதிற் பயனில்லை.

நோயால் இறந்த கோழியின் இறகையோ மாட்டின் குளம்பையோ ஒருபோதும் சேர்த்தல் ஆகாது. மாடு திடீரென இறந்தால், உடலை அறுக்காமல் மிருக வைத்தியருக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

இவ்வெருவை அடிக்கட்டுப் பசளையாகவே இடுக. நெல்லுக்கு மேற்கட்டாக இடும் யூரியாவின் இடத்தை இது நிரப்பாது. கத்தரி, மிளகாய் ஆகியவற்றுக்கு நடுமுன் குழியிலிட்டு மண்ணாற் போர்த்துக. மூடாதுவிடின் நாய்கள் மணம் பிடித்துக் கிளறிவிடும்.