பழைய கேமிங் பிசியில எதை மாத்தலாம்? உப்புக் காத்து ஊருக்கு அக்காவோட டிப்ஸ்

தம்பி, "கேம் திணறுதுக்கா, கிராபிக்ஸ் கார்டு மாத்தணும்"னு சொன்னே. மாத்தலாம். அதுக்கு முன்னாடி கேபினெட்டைத் திற. மரக்காணத்து உப்பளக் காத்து எட்டு வருஷமா அதுக்குள்ள போயிட்டு வந்துட்டிருக்கு.

ரப்பர் முதல்ல, பர்ஸ் அப்புறம்
போன மழைக்கு என் பிசி ஆன் ஆகலை. "போர்டு போச்சு"ன்னு ஒரு கடையில சொல்லிட்டாங்க. ரேமைக் கழட்டிப் பார்த்தா தங்க நிறப் பல்லெல்லாம் மங்கிக் கிடந்துச்சு. பென்சில் ரப்பரால மெதுவா தேய்ச்சு, தூளை ஊதிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால துடைச்சு மாட்டினேன். ஓடிடுச்சு. பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் கை வைக்கணும். பஞ்சர் கடை கம்ப்ரசர்ல காத்து அடிக்காதே, தண்ணி சேர்ந்து வரும்.

உப்பு ஏன் எதிரி?
ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானா நீர் விட்டுடும். மழைக்காலத்துல அம்மாவோட உப்பு ஜாடி நசநசன்னு ஆகுதே, அதே கதைதான். போர்டு மேல படிஞ்ச தூசியிலயும் அது நடந்தா, செம்புல பச்சைக் களிம்பு பூக்கும்.

எந்த மடை அடைச்சிருக்கு?
ஒரு மடை குறுகலா இருந்தா மத்த மடையை எவ்வளவு அகலமா வெட்டினாலும் கடைசிப் பாத்திக்குத் தண்ணி அவ்வளவுதான் வரும். பிசியும் அப்படித்தான். கேம்ல ரெசல்யூஷனை 1080ல இருந்து 720க்கு இறக்கு. எஃப்பிஎஸ் நல்லா ஏறினா கிராபிக்ஸ் கார்டுதான் மடை. ஏறவே இல்லைன்னா பிராசஸர்.

செலவு வரிசை
1. பவர் சப்ளை: துரு, கருகின வாசனை, ஃபேன் சத்தம், இதுல எது இருந்தாலும் முதல்ல இதை மாத்து. திறந்து மட்டும் பார்க்காதே, பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள கரன்ட் தேங்கியிருக்கும். உன் ஜிடிஎக்ஸ் 1060 இழுக்கிறது 120 வாட். ஆர்டிஎக்ஸ் 3060ன்னா 170. பழைய சப்ளையை நம்பி புது கார்டு மாட்டாதே.
2. எஸ்எஸ்டி: இன்னும் ஹார்ட் டிஸ்க்ல கேம் வெச்சிருந்தா இதைவிடப் பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. சாட்டா எஸ்எஸ்டியே நொடிக்கு 500 எம்பிக்கு மேல படிக்கும்.
3. ரேம்: ஒரே ஒரு 8 ஜிபி ஸ்டிக்தானே இருக்கு? அதே வேகத்துல இன்னொண்ணு போடு. ஜோடியா இருந்தாத்தான் ரெட்டைச் சேனல் வேலை செய்யும். உன் போர்டுக்கு டிடிஆர்4 தான், டிடிஆர்5 நுழையாது.
4. பிராசஸர்: உன் பி450 போர்டுல ரைசன் 5 2600ஐ எடுத்துட்டு 5600 போடலாம், போர்டு மாத்த வேண்டாம். ஆனா பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸ் அப்டேட் பண்ணிடு. யுபிஎஸ் இல்லாம பண்ணாதே. பாதியில கரன்ட் போனா போர்டே போயிடலாம்.
5. கிராபிக்ஸ் கார்டு: மடை இதுதான்னு சோதனையில தெரிஞ்சா மட்டும். உன் போர்டு பிசிஐ 3.0. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி நாலே லேன்ல ஓடுற கார்டு இதுல வேகம் இழக்கும். விலையைப் பார்த்து ஏமாந்துடாதே.

விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. 11க்குப் போக உன் பிராசஸரே போதும். டிபிஎம்மை பயாஸ்ல ஆன் பண்ணினா சரி, அதுக்குன்னு எதுவும் வாங்க வேண்டாம்.

வாங்கின பிறகு
கடல் பக்க ஜன்னல்கிட்ட பிசியை வைக்காதே. ஐப்பசி, கார்த்திகைல கேம் ஆடலைன்னாலும் தினம் கொஞ்ச நேரம் ஓட விடு, சூட்டுல ஈரம் தங்காது.

இப்பவே மதர்போர்டை நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு. சாக்கெட்கிட்ட, ஸ்லாட்கிட்ட பச்சை தெரிஞ்சா, அந்தப் போர்டுக்குன்னு ரேமோ பிராசஸரோ வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு பஸ் ஏறாதே. எஸ்எஸ்டியும் பவர் சப்ளையும் மட்டும் வாங்கு. அது ரெண்டும் அடுத்த பிசிக்கும் கூட வரும்.