பெயரும் பொருளும்: மடிக்கணினிக்கு நினைவகம் வாங்கும் முறை

பெயர் வேறு, அப்பெயராற் குறிக்கப்படும் பொருள் வேறு என்று மாணவர்க்கு ஆண்டுதோறும் எடுத்துரைத்து வருகின்றோம். அப்பாடத்தை நாமே மறந்து, கடைத்தெருவில் ஒருமுறை தோல்வியுற்றோம். அத்தோல்வியினாற் கற்றவற்றைப் பழைய மாணவர்க்கும் இன்று பயில்வோர்க்கும் பயன்படுமாறு இம்மலரில் எழுதுகின்றோம்.

நம்மிடம் கற்றுப் பல்கலைக்கழகம் புகுந்த மாணவன் ஒருவன் பழைய மடிக்கணினி ஒன்று வைத்திருந்தான். இரண்டு கோப்புகளை ஒருங்கே திறந்தால் அது அசையாது நிற்கும். அவனுடைய தாயார் தறியில் உழைத்துச் சேர்த்த பணத்தை நம் கையிற் கொடுத்து, "சேர், நல்ல மார்க்காப் பார்த்து ரேம் வாங்கித் தாங்க" என்றார். நாமும் புகழ்பெற்ற பெயருடைய ஒன்றைக் கடையொன்றில் வாங்கினோம். பொருத்த முயன்றபோது அது உரிய இடத்தில் இறங்கவில்லை. உறையைப் பிரித்துவிட்டமையால் கடைக்காரர் அதனை மீளப்பெற மறுத்தார்.

பின்னர் கல்லடிப் பாலங்கடந்து காத்தான்குடிக்குச் சென்றோம். பேரீச்ச மரங்கள் நிரைத்து நிற்கும் அவ்வூர்ப் பெருந்தெருவிலே கணினி திருத்தும் இளைஞர் ஒருவர், "எந்த மார்க் வேணும்?" என்று நம்மைக் கேட்கவில்லை. "மெஷினைக் கொண்டு வந்தீங்களா, சேர்?" என்றே கேட்டார். பாடம் முழுவதும் அவ்வினாவில் அடங்கியிருந்தது. அதனை ஒழுங்குபடுத்திக் கூறுவோம்.

முதலாவது, நினைவகமும் சேமிப்பகமும் ஒன்றல்ல. சேமிப்பகம் நூல்கள் அடுக்கிய அலுமாரி போன்றது; நினைவகம் நூலை விரித்து வைக்கும் மேசை போன்றது. மின் நின்றவுடன் மேசை வெறிதாகும். அலுமாரி அவ்வாறே இருக்கும். மேசை சிறிதாயின் அடிக்கடி எழுந்து அலுமாரிக்குச் செல்லல் வேண்டும். கணினியின் தாமதத்துக்கு ஒரு காரணம் இதுவே. எனினும் தாமதம் யாவும் நினைவகக் குறைவால் வருவதன்று. விண்டோஸ் கணினியில் 'டாஸ்க் மனேஜர்' என்னும் பகுதியைத் திறந்து, வேலை நடக்கும்போது நினைவகம் எவ்வளவு நிரம்புகின்றது என்று நோக்குக. அது பாதியும் நிரம்பாதிருக்கக் கணினி தாமதிக்குமாயின், சுழலும் பழைய வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்துவதே பெரும்பாலும் தக்கது.

இரண்டாவது, இனம் அறிதல் வேண்டும். மடிக்கணினி நினைவகங்களுள் டி.டி.ஆர்.3 வகைக்கு 204 முனைகளும், டி.டி.ஆர்.4 வகைக்கு 260 முனைகளும், டி.டி.ஆர்.5 வகைக்கு 262 முனைகளும் உள்ளன. அவற்றின் விளிம்பிலுள்ள வெட்டும் ஓரிடத்தில் அமைவதில்லை. ஆகலின் ஓரினம் மற்றோரினத்தின் இடத்திற் புகாது. நாம் வாங்கியது டி.டி.ஆர்.4, மாணவனின் கணினி வேண்டியதோ டி.டி.ஆர்.3எல். ஈற்றிலுள்ள 'எல்' என்னும் எழுத்தையும் புறக்கணித்தல் ஆகாது. சாதாரண டி.டி.ஆர்.3 வகைக்கு 1.5 வோல்ற்று மின்னழுத்தம் வேண்டும். 'எல்' வகைக்கு 1.35 வோல்ற்றுப் போதும். குறைந்த அழுத்தத்துக்கென அமைந்த கணினியில் மற்றையது இறங்கினும் இயங்காதொழியலாம். ஓரெழுத்துப் பிழையாற் பொருள் கெடுதல் தமிழுக்கு மட்டும் உரியதன்று போலும்!

மூன்றாவது, இடமும் அளவும். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதனை மாற்ற இயலாது. மாற்றக்கூடியவற்றில் எத்தனை இடங்கள் உள, எத்தனை வெறிதாய் உள, கணினி ஏற்கும் உச்ச அளவு யாது என்பவற்றைக் கைந்நூலிற் காண்க. விண்டோஸ் 11 இயங்கக் குறைந்தது 4 ஜிகாபைற் வேண்டும் என்பது விதி. ஆயின் உண்மையான வேலைக்கு 8 ஜிகாபைற்றேனும் இருத்தல் நன்று. இரண்டு இடங்கள் இருப்பின் ஒத்த இரண்டைப் பொருத்துதல் வேகத்துக்குத் துணைசெய்யும். வேகம் வேறுபட்ட இரண்டினை இணைத்தால், விரைந்தது மெதுவானதற்கு ஏற்பவே நடக்கும்.

இம்மூன்றும் தெளிந்த பின்னரே வணிகப் பெயரை ஆராய்தல் முறை. உலகில் நினைவகச் சில்லுகளின் பெரும்பகுதியைச் செய்வோர் தென்கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரோன் என்னும் மூன்று நிறுவனத்தாரே. கிங்ஸ்டன், கோர்சேர், ஏடேட்டா முதலியோர் பிறர் செய்த சில்லுகளை வாங்கிப் பலகையிற் பொருத்திச் சோதித்துத் தம் பெயரில் விற்கின்றனர். ஆகவே வெவ்வேறு பெயர் தாங்கிய இரண்டினுள் ஒரே ஆலையின் சில்லு இருத்தலும் கூடும்.

அங்ஙனமாயின் பெயராற் பயனில்லையோ எனின், உண்டு. சோதனையின் நேர்மையும், பழுது நேர்ந்தால் மாற்றித் தரும் பொறுப்புமே அப்பயன். 'ஆயுள் உத்தரவாதம்' என்று உறையில் எழுதியிருப்பினும், அதனை இந்நாட்டில் நிறைவேற்றுவார் யார் என்று கேட்டறிக. பெயரும் நிலையானதன்று. மைக்ரோன் நிறுவனம் தனது 'குரூஷல்' என்னும் நுகர்வோர் வணிகத்தைக் கைவிடுவதாக 2025 டிசெம்பரில் அறிவித்தது. செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணினி நிலையங்களின் தேவை பெருகியமையால், அவ்வாண்டின் பிற்பகுதியில் நினைவக விலையும் மிக உயர்ந்தது. விலை ஏறுங்காலத்திற் போலிகளும் உடன் நுழைதல் இயல்பு; நம்ப இயலாத மலிவைக் கண்டு மகிழற்க.

வாங்கியதும் பற்றுச்சீட்டில் இனம், அளவு, தொடர் இலக்கம், உத்தரவாதக் காலம் ஆகியவற்றை எழுதுவித்துக்கொள்க. கடைக்காரர் முன்னிலையிலேயே பொருத்தி இயக்கிப் பார்க்க. பொருத்துமுன் மின்கலத்தின் தொடர்பை நீக்குதல் வேண்டும். வீடு சேர்ந்தபின் 'மெம்டெஸ்ட்86' என்னும் சோதனையை ஓர் இரவு ஓடவிடுக. அதில் ஒரு பிழை காணினும் அந்நினைவகம் நம்பத்தக்கதன்று, தாமதியாது மாற்றுக. விற்பனையில் வஞ்சிக்கப்பட்டோர் 1977 என்னும் இலக்கத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடலாம்.

காத்தான்குடி இளைஞர் அன்று தந்த நினைவகம் பெரும்பெயர் உடையதன்று. கணினியைத் திறந்து பார்த்து, பொருத்தி, சோதித்து, சீட்டெழுதித் தந்தார். அதன் விலையை நாமே கொடுத்து, தாயாரின் பணத்தைத் தாயாரிடமே சேர்ப்பித்தோம்; பிழை நம்முடையது ஆதலின். மாணவன் அக்கணினியிலேயே தன் ஆய்வுக் கட்டுரையை எழுதி முடித்தான்.

முன்னர் வாங்கிய பெரும்பெயர் நினைவகம் நம் மேசையறையில் இருக்கின்றது. பெயர்ச்சொற் பாடம் நடத்தும் நாளில் அதனை வகுப்புக்கு எடுத்துச் செல்கின்றோம்.