காவல் பரண் எங்கே கட்டலாம்?

சிறுமலை, நத்தம், அய்யலூர் அடிவார விவசாயிகளுக்கு அறுவடைக்காலம் தூக்கமில்லாக் காலம். மான், காட்டுப்பன்றி, காட்டுமாடு மூன்றும் வரும். வேட்டை 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விரட்டுவதற்குத்தான் பரண்.

● தடம் பாருங்கள்: காலையில் குளம்படி, புழுக்கை, வேலி இடைவெளியைக் கவனித்து, நுழையும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

● வழியை மறிக்காதீர்கள்: தடத்தின் மேலேயே பரண் வேண்டாம், பக்கவாட்டில் தள்ளிக் கட்டுங்கள். காட்டுக்குத் திரும்பும் வழி அடைபட்டால் காட்டுமாடு ஆள்மேல் பாயும்.

● காற்று: வேட்டைக்காரன் தன் வாடையை மறைப்பான், காவல்காரருக்கு அதுவே ஆயுதம். உங்கள் வாடை காட்டுப்பக்கம் போகும்படி அமருங்கள். ஆடியில் மேல்காற்று வீசுவதால், காடு கிழக்கே இருந்தால் வசதி.

● மரம்: வேம்பு, புளி போன்ற உறுதியான மரம் நல்லது. முருங்கை எளிதில் முறியும். தென்னையில் மட்டை விழும். தேன்கூடு, பட்டுப்போன கிளை, அருகில் மின்கம்பி உள்ள மரங்களையும் தவிருங்கள்.

● உயரம்: 10 முதல் 12 அடி போதும். கைப்பிடிக் கட்டை, உறுதியான ஏணி அவசியம். தூங்கி விழாதிருக்க இடுப்பில் கயிறு கட்டுங்கள்.

● இடி, மின்னல்: வானம் இருண்டதுமே இறங்கி, கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

● இறங்கும்போது: டார்ச் அடித்துப் பார்த்தபின் கால் வையுங்கள். பாம்பு கடித்தால் உடனே 108.

வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சாதீர்கள். அது மனிதரையும் கொல்லும். பயிர் சேதமானால் படமெடுத்து, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீடு கேளுங்கள்.