'ரன்' என்றால் ஓடுவது மட்டுமா? பொருள் பிடிக்க ஐந்து படிகள்

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர் பீட்டர் கில்லிவர், 'ரன்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். அந்த ஒரு சொல்லுக்கு அவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. அத்தனையையும் நாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

1. எழுவாயைப் பாருங்கள்

பேருந்து, மின்விசிறி, ஆறு, சினிமா எல்லாம் தமிழிலும் ஓடுகின்றன. இங்கே சிக்கல் இல்லை. ஆனால் மூக்கு 'ரன்' ஆனால் ஒழுகுகிறது. துணியின் நிறம் 'ரன்' ஆனால் சாயம் போகிறது. சாலை 'ரன்' ஆனால் அந்த வழியாகச் செல்கிறது.

2. செயப்படுபொருள் உண்டா?

'ஷீ ரன்ஸ் எ ஷாப்' என்றால் அவர் கடை நடத்துகிறார். டெஸ்ட் வந்தால் சோதித்துப் பார்ப்பது. ஃபீவர் வந்தால் காய்ச்சல் அடிப்பது. பாத் வந்தால் தொட்டியில் குளிக்கத் தண்ணீர் நிரப்புவது.

ஓர் எச்சரிக்கை: கார் ஓட்டுவதற்கு 'டிரைவ்'தான். பிரிட்டனில் 'ரன் எ கார்' என்றால் சொந்தமாகக் கார் வைத்து, அதன் செலவைத் தாங்குவது.

3. பின்னால் வரும் சிறுசொல்லைக் கவனியுங்கள்

- அவுட் ஆஃப்: தீர்ந்துபோவது. 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்': பால் தீர்ந்துவிட்டது. 'ஹேவ்' வந்தால் 'ரேன்' கூடாது.
- இன்டு: மோதுவது, அல்லது தெரிந்தவரை எதிர்பாராமல் சந்திப்பது.
- அப்: கடனையோ பில்லையோ ஏற்றிக்கொள்வது.
- ஃபார்: தேர்தலில் போட்டியிடுவது. இது அமெரிக்க வழக்கு. பிரிட்டனில் 'ஸ்டாண்ட்', நாம் தேர்தலில் நிற்பதைப் போலவே.

4. முன்னால் 'எ', 'தி' இருக்கிறதா?

இருந்தால் அது பெயர்ச்சொல். கிரிக்கெட் ரன் எல்லோருக்கும் தெரியும். 'எ ரன் ஆன் தி பேங்க்' என்றால், வங்கி திவாலாகிவிடுமோ என்று பயந்து எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்கக் குவிவது. 'எ டிரை ரன்' ஒத்திகை. 'இன் தி லாங் ரன்' என்றால் நாளடைவில்.

5. சரியான அகராதியை எடுங்கள்

ஆக்ஸ்ஃபோர்டின் பேரகராதி பொருள்களை வரலாற்று வரிசையில் அடுக்குகிறது. இன்றைய பொருளைத் தேடுபவருக்கு அது சுற்றுவழி. ஏ. எஸ். ஹார்ன்பி தொடங்கிவைத்த, கற்போருக்கான ஆக்ஸ்ஃபோர்டு அகராதி போன்ற ஒன்றைப் புரட்டுங்கள். பொருளை மட்டும் குறிக்காமல், முழு வாக்கியத்தையும் நோட்டில் எழுதுங்கள்.

இப்போது சோதித்துப் பாருங்கள். 'தி பஸ் ரேன் ஓவர் எ டாக்', 'தி மீட்டிங் ரேன் ஓவர்.' இரண்டிலும் சிறுசொல் ஒன்றுதான். முதலாவதில் செயப்படுபொருள் உண்டு: பேருந்து நாய்மேல் ஏறிவிட்டது. இரண்டாவதில் இல்லை, எழுவாயும் வேறு: கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டிவிட்டது.