மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

குடிக்கான சிகிச்சை முடிந்துவிட்டது, டாக்டரிடம் ஒரு சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்தால் டிப்போவில் மறுபடி டூட்டி போட்டுவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தாளை வாங்கும் அவசரத்தில் டாக்டரின் பரிசோதனையை வெறும் சடங்காக்கிவிடாதே. டிப்போவில் ஊதிப் பார்க்கும் கருவி அதற்கு ஈடாகாது; அது அந்த நிமிடத்து ரத்தத்தை மட்டுமே சொல்லும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு வைத்திருக்கும் எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ராத்திரி 10 மணிக்கு ஒரு குவார்ட்டர் பிராந்தி குடித்தால் உத்தேசமாக 150 வரை ஏறும். உடம்பு அதை மணிக்கு 15 வீதம்தான் கழிக்கும். விடியற்காலை 5 மணிக்குக் கடலூர் வண்டியை எடுக்கும்போது இன்னும் 45 இருக்கும். தூங்கி எழுந்தாயிற்று, தலைக்குக் குளித்தாயிற்று என்பதெல்லாம் கணக்கில் வராது. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. தினமும் குடித்துப் பழகியவர் சோதனைக்குப் பயந்து திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பே வரலாம். அப்போது கருவி பூஜ்யம் காட்டும். பஸ்ஸில் இருப்பவர்களுக்கோ அந்த நேரம்தான் பெரிய ஆபத்து.

இதற்கு அமெரிக்காவில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே 1987 ஜனவரியில் மேரிலாந்தில் நடந்த ரயில் விபத்தில் 16 பேர் இறந்தார்கள். எஞ்சினை ஓட்டியவர்கள் கஞ்சா புகைத்திருந்தது தெரியவந்தது. அதையடுத்து, ஓட்டுநர்களுக்குப் போதைச் சோதனையைக் கட்டாயமாக்கி 1991இல் சட்டமே வந்தது. அங்கே சோதனையில் சிக்கிய ஓட்டுநர் முதலில் அதற்கென்று தகுதி பெற்ற மதிப்பீட்டாளரைப் பார்க்க வேண்டும், அவர் சொல்லும் சிகிச்சையை முடித்து அவரிடமே திரும்ப வர வேண்டும். வேலைக்குச் சேர்ந்த பிறகும் முதல் 12 மாதத்தில் குறைந்தது 6 முறை முன்னறிவிப்பில்லாத சோதனை உண்டு. மறுபடி குடியில் விழும் ஆபத்து முதல் சில மாதங்களில்தான் அதிகம் என்பதால் இது தேவையான கண்டிப்புதான். நம் 185ஆம் பிரிவு அபராதமும் சிறையும் சொல்கிறதே தவிர, திரும்பி வருகிறவர் தேறிவிட்டாரா என்று பார்க்க வழி சொல்லவில்லை. இது பெரிய குறை. சட்டம் திருந்தும் வரை அந்த இடத்தை நீயேதான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

உள்ளதைச் சொன்னால் வேலை போய்விடும் என்கிறாய். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. குடியை ஒப்புக்கொண்டு சிகிச்சைக்குப் போகிறவருக்குச் சில வாரம் பணிமனையிலாவது வேலை தருவதுதான் நிர்வாகத்துக்கு அழகு. ஆனால் எவ்வளவு குடித்தாய், கடைசியாக எப்போது என்பதை மறைத்தால் டாக்டர் மருந்தின் அளவை எதை வைத்து முடிவு செய்வார்? மறைத்து வேலைக்குப் போய் இரண்டாம் முறை சிக்கினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது அதே சட்டம். திரும்பின பக்கமெல்லாம் பிராந்திக் கடையும் சாராயக்கடையும் இருக்கிற ஊரில் நான் என்ன செய்ய என்றும் கேட்டிருக்கிறாய். அப்படிப்பட்ட ஊரில் இருப்பவருக்குத்தான் தொடர் கண்காணிப்பு இன்னும் அதிகமாக வேண்டும்.

ஜிப்மர் மனநலப் பிரிவுக்குப் போகும்போது உன் வீட்டுக்காரியையும் கூட்டிப்போ. நீ சொல்லாமல் விட்டதை அவள் சொல்லட்டும். அடுத்த ஓராண்டில் எந்தெந்த மாதம் வர வேண்டும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள். தேதி சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் என்னை ஊதச் சொல்லலாம் என்று டிப்போ மேலாளரிடம் நீயாகவே ஒரு கடிதம் கொடுத்துவிடு.

அன்புடன்,
அண்ணன்